1025 என்ற எண் யாருக்கு வந்தது?

எலி நகர்ந்தாலும் விசை அழுந்தினாலும் விண்டோஸ் அதை ஓர் எண்ணாக்கி, உரிய ஜன்னலுக்குச் செய்தியாக அனுப்புகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். 0 முதல் 1023 வரையுள்ள எண்கள் விண்டோஸுக்கே சொந்தம். அதற்கு மேல் நிரலர்களும் எண் வைத்துக்கொள்ளலாம். குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

கன்னிவாடியில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு தட்டச்சு செய்பவரின் திரையைப் பாருங்கள். கீழே வலது ஓரத்தில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், என்எச்எம் ரைட்டரின் மணி ஐகான் தெரியலாம். சென்னை நியூ ஹொரைஸன் மீடியா இலவசமாகக் கொடுத்த தமிழ்த் தட்டச்சு மென்பொருள் அது. அதற்கு முன்பே அதே வேலையைச் செய்யும் இ-கலப்பை வந்துவிட்டது. 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்ததில் இந்த இலவச மென்பொருள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக் கடிகாரத்தோரம் உட்காரும் எந்த மென்பொருளும், "என் ஐகானை யாராவது கிளிக் செய்தால் இந்த எண்ணில் எனக்குச் சொல்" என்று விண்டோஸிடம் ஓர் எண்ணைக் கொடுத்துவைக்க வேண்டும். பலரும் கொடுப்பது டபிள்யூஎம்_யூசருடன் (1024) ஒன்றைக் கூட்டி வரும் 1025.

அதே 1025 ப்ரோக்ரஸ் பாருக்குப் போனால் "உன் எல்லையை மாற்று" என்று பொருள். ஸ்டேட்டஸ் பாருக்குப் போனால் "இந்த வாசகத்தைக் காட்டு". டயலாக் பெட்டிக்குப் போனால் "என்டர் தட்டினால் இயங்கும் பட்டனை மாற்று". 1024 முதல் 32767 வரை ஒவ்வொரு ஜன்னல் வகையும் தன் இஷ்டத்துக்குப் பொருள் வைத்துக்கொள்ளலாம் என்பதே விதி. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. எந்த ஜன்னலுக்கு வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். 1025ஐ எல்லா ஜன்னல்களுக்கும் பொதுவாக அனுப்பிவிட்டால், சம்பந்தமே இல்லாத ஒரு பெட்டியில் என்டர் விசை "ரத்து" பட்டனை அழுத்தக்கூடும். நம் மென்பொருளுக்குள் மட்டும் புழங்கும் செய்திக்கு, டபிள்யூஎம்_ஆப் தொடங்கும் 32768 முதல் 49151 வரையுள்ள எண்களே பத்திரம்.

இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ள வேண்டுமானால் எண் வேண்டாம், பெயர் வேண்டும். ரெஜிஸ்டர்விண்டோமெசேஜ் என்ற செயற்கூறிடம் ஒரு பெயரைக் கொடுத்தால், 49152க்கு மேல் ஓர் எண் தரும். அதே பெயரைக் கொடுக்கும் எல்லோருக்கும் அதே எண். கணினியை மறுபடி தொடங்கினால் எண் மாறலாம். அதனால் நிரலில் எண்ணாக எழுதிவைக்கக் கூடாது.

டாஸ்க்பார்கிரியேட்டட் அப்படிப் பெயரால் வரும் செய்தி. டாஸ்க்பாரைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் முடங்கி மீண்டும் எழும்போது கடிகாரத்தோர ஐகான்கள் அழிந்துபோகும். அப்போது "மறுபடி வந்து உட்காருங்கள்" என்று இது பொதுவாக அறிவிக்கப்படும். இதைக் கேட்காத மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஐகான் மட்டும் இருக்காது. மென்பொருள் செத்துவிட்டது என்று நினைத்துக் கடைக்காரர் இன்னொரு முறை திறப்பார். இதில் நிரலர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு: செய்தி வாங்க மட்டுமே உருவாக்கும் ஜன்னலுக்குப் பொது அறிவிப்புகள் வந்து சேராது. மறைத்துவைத்த சாதாரண ஜன்னல்தான் வேண்டும்.

49152க்கு மேல் அறியாத எண் வந்தால், கெட்கிளிப்போர்டுஃபார்மேட்நேம் செயற்கூறிடம் கொடுத்துப் பாருங்கள். கிளிப்போர்டு வடிவங்களின் பெயர்களும் இந்தச் செய்திப் பெயர்களும் ஒரே அட்டவணையில் இருப்பதால், பெரும்பாலும் பெயர் கிடைத்துவிடும். பிழை தேடும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். விற்கும் நிரலில் வைக்காதீர்கள்.

(தொடரும்)