மண் தாங்குசுவர் வடிவமைப்பு

மண் தாங்குசுவர் என்பது உயரமான நிலத்தின் மண் தாழ்வான பக்கம் சரியாமல் தடுத்து நிறுத்தும் கட்டுமானம் ஆகும். பேச்சுவழக்கில் இது தடுப்புச்சுவர் எனப்படுகிறது. மலைச்சாலை, மேம்பாலத்தின் அணுகுசாலை, கால்வாய்க் கரை, கிணறு, சரிவான வீட்டுமனை ஆகியவற்றில் இது அமைக்கப்படுகிறது. சுவரின் உறுதியைப் பின்புற மண், அடிமண், மண்ணில் தேங்கும் நீர் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. இவற்றுள் அதிகம் மறக்கப்படுவது நீர்.

திண்டுக்கல் சமவெளி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒருபுறம் சிறுமலையும் மறுபுறம் பழனி மலைத்தொடரும் உள்ள இப்பகுதியில் செம்மண்ணே மிகுதி. ஆண்டின் பெரும்பகுதி நிலம் காய்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் சில நாட்களுக்குள் மண் முழுதும் ஊறிவிடும். எனவே காய்ந்த மண்ணை மட்டும் கணக்கிட்டுக் கட்டிய சுவர் பல ஆண்டுகள் நின்றுவிட்டு, ஒரு மழையில் விழக்கூடும்.

மண்ணழுத்தம்

பின்புற மண் சுவரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சுவர் சிறிதளவு வெளிப்புறம் நகர்ந்தால் மண்ணின் உள்வலிமை முழுதும் செயல்பட்டு, தள்ளும் விசை மிகக் குறைந்த அளவை அடையும். இது செயலுறு மண்ணழுத்தம். சுவர் மண்ணை நோக்கித் தள்ளப்பட்டால் எழுவது எதிர்ப்பு மண்ணழுத்தம். சுவர் அசையவே முடியாத நிலையில் இருப்பது ஓய்வுநிலை அழுத்தம். இது செயலுறு அழுத்தத்தைவிட அதிகம். இவ்விசைகளைக் கணக்கிடும் முறையைப் பிரான்சின் கூலும் 1776-இலும், ஸ்காட்லாந்தின் ராங்கின் 1857-இலும் வெளியிட்டனர். இம்முறைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

ராங்கின் முறையில், உராய்வுக் கோணம் 30 பாகை உள்ள மணற்பாங்கான மண்ணுக்குச் செயலுறு அழுத்தக் கெழு 1/3 ஆகும். அழுத்தம் மேலே சுழியில் தொடங்கி ஆழத்துக்கு ஏற்ப அதிகரிப்பதால், மொத்த விசை அடியிலிருந்து உயரத்தின் மூன்றில் ஒரு பங்கில் செயல்படுகிறது. உயரம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

உறுதிச் சோதனைகள்

1. கவிழ்தல்: சுவரின் முன்விளிம்பைப் பற்றி, நிலைநிறுத்தும் திருப்புத்திறன் கவிழ்க்கும் திருப்புத்திறனைப் போல் 2 மடங்காவது இருக்க வேண்டும்.
2. சறுக்கல்: அடிப்பரப்பின் உராய்வு, தள்ளும் விசையைப் போல் 1.5 மடங்காவது இருக்க வேண்டும்.
3. தாங்குதிறன்: அடிமண்ணின் மீது விழும் அழுத்தம் பாதுகாப்பான அளவுக்குள் இருக்க வேண்டும். விசைகளின் தொகுபயன் அடித்தளத்தின் நடு மூன்றிலொரு பகுதிக்குள் விழ வேண்டும்.
4. ஒட்டுமொத்தச் சரிவு: சுவரையும் சேர்த்து நிலமே சரியாதிருக்க வேண்டும்.

மலைப்பகுதித் தாங்குசுவர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இ.த. 14458 வழிகாட்டுகிறது.

ஒரு கணக்கு

4 மீட்டர் உயரமுள்ள கருங்கல் கட்டுச் சுவர் ஒன்றின் மேல் அகலம் 0.6 மீட்டர், அடி அகலம் 2.2 மீட்டர், பின்முகம் செங்குத்து எனக் கொள்வோம். கட்டின் எடை கன மீட்டருக்கு 24 கிலோநியூட்டன், அடி உராய்வுக் கெழு 0.55. ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுவரின் எடை சுமார் 134 கிலோநியூட்டன். நிலைநிறுத்தும் திருப்புத்திறன் 191 கிலோநியூட்டன்-மீட்டர்.

கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடையுள்ள காய்ந்த மண்ணின் தள்ளுவிசை 48 கிலோநியூட்டன். கவிழ்தலுக்கு எதிரான காப்புக் காரணி சுமார் 3, சறுக்கலுக்கு 1.54. சுவர் பாதுகாப்பானது.

இப்போது மழைநீர் உச்சிவரை தேங்குகிறது. ஊறிய மண்ணின் எடை கன மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்றால், மண்ணின் தள்ளுவிசை மிதப்பால் 27 கிலோநியூட்டனாகக் குறையும். ஆனால் நீர் மட்டும் 78 கிலோநியூட்டன் தள்ளும். மொத்தம் ஏறத்தாழ 106. கவிழ்தல் காரணி 1.36 ஆகவும், சறுக்கல் காரணி 0.70 ஆகவும் குறைகின்றன. சுவர் சறுக்கிவிடும். அடித்தளத்தின் கீழ் நீரின் மேல்நோக்கு அழுத்தமும் சேர்ந்தால் நிலைமை மேலும் மோசமாகும்.

நீர்வடிப்பு

சுவரைத் தடிமனாக்குவதைவிட நீரை வெளியேற்றுவது மலிவானது. இதற்காகச் சுவரின் பின்னால் சுமார் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு உடைகல் நிரப்பப்படுகிறது. நுண்மண் புகுந்து அதை அடைக்காமலிருக்க மணல் வடிகட்டியோ புவித்துணியோ வைக்கப்படுகிறது. சுவரின் ஊடே, கட்டுமானத் தொழிலாளர் வீப் ஹோல் என்று சொல்லும் வடிதுளைகள் 75 முதல் 100 மில்லிமீட்டர் விட்டத்தில், 1.5 முதல் 2 மீட்டர் இடைவெளியில், வெளிப்புறம் சாய்வாக அமைக்கப்படுகின்றன. மேலே ஓடும் மழைநீரைத் திருப்ப ஒரு வாய்க்காலும் தேவை. ஈரத்தில் உப்பும் கரிசல் மண்ணைப் பின்நிரப்பாகப் பயன்படுத்தக் கூடாது.

வகைகள்

தன் எடையால் நிற்பது எடைச்சுவர். கருங்கல் மலிவாகக் கிடைக்கும் இடங்களில் குறைந்த உயரத்துக்கு இது ஏற்றது. வலுவூட்டிய கான்கிரீட்டாலான நெடுங்கைச் சுவரில் பின்பாதத்தின் மீது நிற்கும் மண்ணே எடையாக உதவுகிறது. சுமார் 6 மீட்டர் வரை இது சிக்கனமானது. கம்பிவலைக்குள் கற்களை அடுக்கும் கேபியன் சுவரில் நீர் தானே வெளியேறும் என்பதால் மலைச்சாலைகளுக்குப் பொருத்தமானது. மேம்பால அணுகுசாலைகளில் காணப்படும் வலுவூட்டிய மண்சுவர் முறையைப் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி விடால் 1960-களில் உருவாக்கினார்.

சமவெளிக் கிணற்றின் வட்டச் சுற்றுக்கட்டும் ஒரு தாங்குசுவரே. மண் எல்லாப் பக்கமும் நெருக்குவதால் கற்கள் ஒன்றையொன்று இறுக்கி நிற்கின்றன. ஆனால் மழைக்குப்பின் மோட்டார் வைத்து நீரை வேகமாக இறைத்தால், வெளியே ஊறிய மண்ணின் நீரழுத்தம் அப்படியே இருக்க, உள்ளே தாங்கிய நீர் இல்லாமல் போகிறது. நீர் கசிய இடைவெளியற்ற கட்டு அப்போது உள்நோக்கிச் சரியும்.

பராமரிப்பு

2019 டிசம்பர் 2 அதிகாலை, கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் கனமழையின்போது ஏறத்தாழ 20 அடி உயரச் சுற்றுச்சுவர் வீடுகளின் மீது விழுந்து 17 பேர் உயிரிழந்தனர். மழைக்காலத்தில் உயரமான சுவரின் கீழ் குடியிருப்போருக்குள்ள ஆபத்தை அந்நிகழ்வு காட்டியது. சுற்றுச்சுவராகக் கட்டியதன் ஒருபக்கம் பின்னாளில் மண் கொட்டி உயர்த்தப்பட்டால், அதற்கென வடிவமைக்கப்படாமலே அது தாங்குசுவராகிவிடுகிறது.

சுவர் வெளிப்புறம் புடைத்தல், கிடைமட்ட விரிசல், மேல்மண்ணில் சுவருக்கு இணையான பிளவு, மழையிலும் வடிதுளைகளில் நீர் வராமை ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். பருவமழைக்கு முன் வடிதுளைகளைத் தூர்வாருவது மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய பாதுகாப்பு. அழகுக்காகச் சுவருக்குப் பூசும்போது அத்துளைகள் சிமெண்டால் மூடப்பட்டால், மேற்கண்ட கணக்கின் இரண்டாம் நிலை அச்சுவருக்கு வந்துவிடும்.