வீட்டு ரொட்டியும் நம் கடைச் சரக்கும்

ரொட்டி என்றாலே காய்ச்சல்காரர் சாப்பாடு என்றிருந்த காலம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு பாக்கெட் பிரெட்டும் நாலு சாத்துக்குடியும் இருக்கும். பழவேற்காடு ஏரியை ஒட்டிய நம் காட்டூர் வட்டாரத்தில் கடைக்கு வரும் ரொட்டியெல்லாம் வெளியூர்ச் சரக்குதான். லாபம் சொற்பம், நாலைந்து நாளில் போகாவிட்டால் பூசணம் பூத்துவிடும். இடத்தை அடைக்கிற சரக்கு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் நம்மில் பலர் வைத்திருந்தோம். இதை ஒருவர் வீட்டிலேயே சுட்டுக்கொள்வார் என்று யாராவது சொல்லியிருந்தால் அன்று நாம் சிரித்திருப்போம்.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. மளிகைக் கடைகளுக்கு நேரக் கட்டுப்பாட்டுடன் அனுமதி இருந்தது. ரொட்டி வண்டிதான் வரவில்லை. பிள்ளைகள் வீட்டில், பொழுது நீளமாய். கைபேசியில் செய்முறை பார்த்துவிட்டு, மைதாவும் ஈஸ்ட்டும் வெண்ணெயும் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஈஸ்ட் என்ற சொல்லையே அதற்கு முன் நம் கல்லாவில் கேட்டதில்லை.

உலகம் முழுவதும் இதே கதைதான். பிரிட்டனில் அலமாரிகளில் மாவு காலியானது. ஆலைகளில் மாவு இல்லாமல் அல்ல. அந்த நாட்டு மாவில் ஏறத்தாழ 4 சதவீதம் மட்டுமே சிறு பைகளில் கடைக்கு வரும். மீதியெல்லாம் மூட்டையாகவும் டாங்கர் லாரியிலும் பேக்கரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போகும். சிறு பையில் அடைக்கும் இயந்திரங்கள் திடீர்த் தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. மூட்டையைப் பிரித்துக் காகிதத்தில் கட்டிக் கொடுக்கும் நம் ஊர் அண்ணாச்சி அங்கே இருந்திருந்தால் பாதிப் பஞ்சம் தீர்ந்திருக்கும்!

ஆனால், அப்படிப் பிரித்துக் கட்டியதில்தான் நாம் சூடுபட்டோம். அந்த மே மாதத்தில் ஒரு மொத்த வியாபாரியிடம் அரைக் கிலோ ஈஸ்ட் பாக்கெட் ஒன்றை வாங்கி, சின்னச் சின்னக் கவர்களில் போட்டு ரப்பர் பேண்டு மாட்டித் தொங்கவிட்டோம். முதல் வாரம் நன்றாகவே போயிற்று. மூன்றாம் வாரம் மீனவர் குடியிருப்பிலிருந்து வாடிக்கைக்கார அம்மா ஒருவர் பாத்திரத்தோடு வந்து நின்றார். "என்ன அண்ணாச்சி, ஈஸ்ட்டுன்னு எதைக் குடுத்தீங்க? காலையில பிசைஞ்சது, கல்லு மாதிரி கெடக்குது." வேலையில்லாத நாளில் அரைக் கிலோ மாவு வீண் என்பது அவருக்குச் சிறிய விஷயமல்ல. மாவும் வேறு சரக்கும் கொடுத்துச் சமாதானப்படுத்தினோம். தொங்கிய கவர்களை அன்றே குப்பையில் போட்டோம்.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஈஸ்ட் ஓர் உயிர்ச்சரக்கு. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை உயிர். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது, அதனால்தான் மாவு உப்புகிறது. காற்றில்லாமல் இறுக்கி அடைத்த பாக்கெட்டில் நெடுநாள் உறங்கும். பிரித்துவிட்டால் ஈரமும் வெக்கையும் அதைக் கொன்றுவிடும். ஏரிக்காற்றில் உப்பே ஒழுகும் ஊரில் கவரில் கட்டிய ஈஸ்ட் என்னத்துக்கு ஆகும்? தவிர, தேதியும் உரிம எண்ணும் இல்லாத கவரை விற்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியும் தவறு. ஆகவே கம்பெனி அடைத்த சிறு பாக்கெட்டாகவே வாங்குவது நல்லது. சந்தேகம் வந்தால் வெதுவெதுப்பான அரை டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரை கட்டினால் உயிருண்டு. கை பொறுக்காத வெந்நீர் மட்டும் கூடாது.

அந்த ஆண்டின் வேகம் இன்று இல்லைதான். ஆனாலும் பழக்கம் விட்டுப்போகவில்லை. கடை ரொட்டியில் சேர்த்து வந்த பொட்டாசியம் புரோமேட்டை 2016இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தபோதே, உள்ளே என்ன போடுகிறார்கள் என்ற கேள்வி தாய்மார்களிடம் வந்துவிட்டது. ஓவன் இல்லாத வீட்டில்கூடக் குக்கரின் அடியில் உப்போ மணலோ பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் சுடுகிறார்கள். அரைக் கிலோ மைதா, முந்நூறு மில்லி தண்ணீர், ஏழு கிராம் ஈஸ்ட், பத்து கிராம் உப்பு. நம் வெயிலுக்கு ஒரு மணி நேரத்திற்குள் மாவு இரட்டிப்பாகும். இட்லி மாவைப் புளிக்க வைத்துப் பழகிய கைக்கு இதெல்லாம் பெரிய வித்தையா? அப்பத்துக்குக் கள் ஊற்றிய பாட்டிமார் கையாண்டதும் இந்த ஈஸ்ட்டைத்தானே. ரொட்டி தின்கிறவர்களும் ஏரிக்கரைக்குப் புதியவர்களல்ல. 1613இல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் கோட்டை கட்டிக் குடியேறியவர்கள்.

வரி விஷயத்திலும் ஒரு வார்த்தை. ரொட்டிக்கு ஜி.எஸ்.டி. தொடக்கம் முதலே இல்லை. 12 சதவீதமாக இருந்த ஈஸ்ட்டும் வெண்ணெயும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகிவிட்டன. பழைய விலையில் கொள்முதல் பேசும் வண்டிக்காரர்களிடம் பில்லை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

வீட்டில் சுடுவதால் கடை ரொட்டி விற்பனை படுத்துவிடுமோ என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நம் கடையில் அப்படி ஆகவில்லை. வாரநாளில் பாக்கெட் வாங்குகிறவர்தான் ஞாயிறன்று மைதா வாங்குகிறார். கூடவே வெண்ணெய், பால் பவுடர், எள் என்று நாலு சரக்கு போகிறது. ஈஸ்ட்டில் மட்டும் கிடைப்பது அற்பம், அதை நம்பி யாரும் இருப்பைப் பெருக்க வேண்டாம். நாம் வைப்பது மாதத்துக்குப் பத்துப் பாக்கெட், அதுவும் குளிர்பெட்டியில் மோர்ப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில். கிறிஸ்துமஸ் மாதம் மட்டும் இருபது. அதில் இரண்டு, அன்று பாத்திரத்தோடு வந்த அம்மா முன்கூட்டியே சொல்லி வைப்பது. வாங்கும்போது இன்றும் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறார்.