பெயர்த்தெடுக்கும் நாளும் தரையின் விலையில் உண்டு

கல்லாவி, சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பக்கம் புதிதாக எழும் மாடி வீடுகளில் ஓசூர்ச் சம்பளமும் பெங்களூர்க் கூலியும் நிறையவே கலந்திருக்கின்றன. கொத்தனாராகவும் டைல்ஸ் மேஸ்திரியாகவும் சிப்காட் தொழிலாளியாகவும் போனவர்கள், அங்கே அடுக்ககங்களின் படுக்கையறைகளில் மரத்தரை பார்த்திருக்கிறார்கள். சிலர் அதைத் தங்கள் கையாலேயே பதித்திருக்கிறார்கள். ஊரில் சொந்த வீடு என்று வரும்போது ஓர் அறையாவது அப்படி இருக்கட்டுமே என்று மனசு கேட்கிறது. யாரோ ஒருவருக்குப் போட்டுக்கொடுத்த தரையில் தன் பிள்ளையும் உட்கார்ந்து படிக்கட்டும் என்ற ஆசையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

கடைக்காரர் இரண்டு மாதிரித் துண்டுகளை எடுத்து வைப்பார். ஒன்று லக்சுரி வினைல், இன்னொன்று இன்ஜினியர்ட் வுட். இரண்டும் பார்வைக்கு ஓக் மரம். மரத்தின் விலை வினைலைப்போல இரண்டு, மூன்று மடங்கு. பேச்சு அந்த வித்தியாசத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. தரைக்குக் கீழே ஈரம் எவ்வளவு இருக்கிறது, பதினைந்து இருபது வருடம் கழித்து இதைப் பெயர்த்து எங்கே போடுவது என்ற கேள்விகள் எழுவதே இல்லை. எனக்கு அந்த இரண்டும்தான் முக்கியமாகப் படுகின்றன. அதிலும் இரண்டாவது கேள்வி தூக்கத்தைக் கெடுக்கிறது.

மரத்தை முதலில் பேசி முடித்துவிடலாம். இன்ஜினியர்ட் வுட் என்பது ப்ளைவுட் முதுகின் மேல் ஒட்டிய அசல் மரத்தோல். பலகையின் மொத்தக் கனம் 10 முதல் 15 மில்லிமீட்டர் இருக்கும். மேலே உள்ள மரம் 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், கீறல் விழுந்த பிறகு இழைத்து மெருகேற்ற இடமே இல்லை. அசல் மரம் என்ற பெயருக்கு நாம் கொடுக்கும் பணத்தின் முழு நியாயமே அந்த மெருகேற்றும் வாய்ப்புதான். மலிவான பலகைகளில் மரத்தோல் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டினால் அதிகம்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூரின் குளிர்ச்சி அங்கே எட்டுகிறது. ஊத்தங்கரைப் பக்கம் இறங்கிவிட்டால் வேறு வெயில், வேறு காற்று. சித்திரையில் வறண்டு ஐப்பசியில் நனையும் காற்றுக்கு மரம் சுருங்கும், விரியும். இணைப்புகளில் இடைவெளி விடும், மழைக்காலத்தில் விளிம்பு தூக்கும். அதற்கு மேல் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இருக்கிறது. பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் வீடு சுத்தமானதாக அம்மாக்களுக்குத் தோன்றும். அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லும் உரிமை எந்தத் தரைக்கும் கிடையாது. கரையானைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். இந்த மண்ணில் வீடு கட்டிய எவருக்கும் அதன் பசி தெரியும். ஆகவே தரைத்தளத்தில் மரம் வேண்டாம் என்பது என் முடிவு. மாடியில் குளிர்சாதனம் ஓடும் ஒரே ஓர் அறைக்கு, பணமும் பொறுமையும் இருப்பவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

இனி கீழே இருக்கும் ஈரம். இதில் வினைல் வாங்குபவர்களும் ஏமாறுகிறார்கள். தண்ணீர் புகாது என்று கடையில் சொல்வது உண்மைதான். வினைலுக்குள் தண்ணீர் புகாது. ஆனால் கான்கிரீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர் வெளியேற வழி கேட்கும். சிமென்ட் லெவலிங் காய்வதற்குக் கட்டுமானத்துறையில் ஒரு பழைய கணக்கு உண்டு: ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நாள். இரண்டு அங்குல லெவலிங் என்றால் ஐம்பது நாள். மழை பிடித்துக்கொண்டால் அதற்கும் மேல். நம் ஊரில் யார் ஐம்பது நாள் காத்திருக்கிறார்கள்? மார்கழி பிறப்பதற்குள் குடியேற வேண்டும் என்று கார்த்திகையில் முகூர்த்தம் குறிப்பார்கள். வெளியே அடைமழை, உள்ளே ஈர லெவலிங். மேஸ்திரி கம் தடவி ஒட்டிவிட்டுப் போய்விடுவார். கான்கிரீட்டின் ஈரம் காரத்தன்மை கொண்டது. அது மெல்ல மெல்லப் பசையைக் கரைக்கும். அடுத்த கோடையில் மூலைகள் எழும்போது கடைக்காரரையும் மேஸ்திரியையும் திட்டுவோம். குற்றம் நாட்காட்டியில் இருக்கிறது.

இதற்கு ஒரு சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் கெட்டியான பாலித்தீன் தாளை வெறும் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு இரவு முழுக்க, குறைந்தது பதினாறு மணி நேரம், விட வேண்டும். மறுநாள் பிரித்துப் பார்த்தால் தாளின் அடியில் வியர்வை மணி கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை என்று அர்த்தம். பத்து ரூபாய்ச் செலவு. லட்ச ரூபாய்த் தரையைப் பதிக்கும் முன் இந்த ஒரு ராத்திரியைக் கேட்டு வாங்குங்கள்.

கிரகப்பிரவேசத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக்தான். அது எழுபது எண்பது டிகிரிச் சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும். ஹோமகுண்டத்துக்கு அடியில் செங்கல்லும் மணலும் போட்டாலும் இரண்டு மணி நேர நெருப்பின் சூடு கீழே இறங்கும். கற்பூரத் துணுக்கு ஒன்று தெறித்தால் போதும், கறை நிரந்தரம். பசுவும் கன்றும் உள்ளே வரும் வீட்டில் குளம்பு படும் இடத்தையும் யோசிக்க வேண்டும். பூஜை முடிந்த பிறகு வினைல் பதித்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. லெவலிங் காயவும் நாள் கிடைக்கும்.

இவ்வளவு கவனித்தால் வினைல் நன்றாகவே உழைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓசையை அடக்கும், காலுக்குச் சில்லிடாது, வயசானவர்களின் மூட்டுக்கு இதம். பழைய தரையை உடைக்காமல் மேலேயே போட்டுவிடலாம். வாங்கும்போது பலகையின் மொத்தக் கனத்தைப் பார்ப்பதைவிட, மேலே இருக்கும் தேய்மான அடுக்கின் கனத்தைக் கேளுங்கள். 0.3 மில்லிமீட்டர் படுக்கையறைக்குப் போதும், ஹாலுக்கு 0.5 வேண்டும். மர வரி என்று நாம் பார்ப்பது அந்த அடுக்குக்குக் கீழே இருக்கும் அச்சிட்ட படம். அடுக்கு தேய்ந்து படம் கிழிந்துவிட்டால் இழைக்கவோ மெருகேற்றவோ முடியாது. பெயர்க்க வேண்டியதுதான்.

பெயர்த்து?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் பொடியும் பிவிசியும் கலந்து செய்யும் எஸ்பிசி என்ற வினைல் வகையில் 5 மில்லிமீட்டர் பலகை, சதுர அடிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 900 கிலோ. அதில் பிவிசி மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 250 கிலோ. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. ஒரு பையின் எடை 5 கிராம் என்றால், இந்த ஒரு வீட்டுத் தரையில் இருப்பது ஐம்பதாயிரம் பை. மஞ்சப்பையோடு சந்தைக்குப் போய் வரும் குடும்பம் ஐம்பதாயிரம் பைகளின் மேல் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த 900 கிலோவை எடுத்துக்கொள்ள யாரும் இல்லை. காயலான் கடையில் இரும்பு எடுப்பார்கள், பிவிசி பைப் எடுப்பார்கள். பசையும் சிமென்ட்டும் ஒட்டிக் கிழிந்த வினைலை எடுக்க மாட்டார்கள். ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்து வாங்கும் தள்ளுவண்டியில் இதற்கு இடமில்லை. பிளாஸ்டிக்கைத் தயாரித்தவரே திரும்ப எடுக்க வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு வகுத்த பொறுப்பு, பேக்கேஜிங் பிளாஸ்டிக்குக்கு மட்டுமே. பிவிசியில் ஈயம் கலப்பதைத் தடுக்க 2021-இல் வந்த விதி, குழாய்களுக்கும் அவற்றின் இணைப்புகளுக்கும் மட்டுமே. தரைவிரிப்பு இரண்டு விதிக்கும் வெளியே இருக்கிறது. வாடகை வீடுகளில் மீட்டர் கணக்கில் வெட்டி விரிக்கும் மலிவான பிவிசி கார்பெட்டுக்கும் இதே கதைதான். அது மூன்று நான்கு வருடத்திலேயே குப்பைக்கு வந்துவிடுகிறது.

கடைசியில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ கொட்டிக் கொளுத்துவார்கள். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். கண்ணும் தொண்டையும் எரியும். அதோடு டயாக்சின் என்ற நஞ்சு உருவாகும். அது மண்ணில் தங்கி, புல்லில் ஏறி, மாட்டின் பாலுக்குள் போகும். டயாக்சின் உள்ளிட்ட நீடித்த நஞ்சுகளைக் குறைக்கும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தை இந்தியா 2006-இல் ஏற்றுக்கொண்டது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதை அந்த ஒப்பந்தம் டயாக்சின் பிறக்கும் இடங்களில் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. கிழிந்த ப்ளைவுட் பலகையும் தப்பிக்காது. அதை வெந்நீர் அடுப்பில்தான் வைப்பார்கள். ஃபார்மால்டிஹைடு கலந்த பசை எரியும் புகை, அதிகாலையில் குளிக்கக் காத்திருக்கும் பிள்ளையின் மூக்குக்குப் போகும்.

பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் அனுபவம் இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் நடுவில் அங்கே வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி எங்கும் ஒன்பது அங்குலச் சதுரத்தில் அஸ்பெஸ்டாஸ் கலந்த வினைல் டைல்ஸ் பதித்தார்கள். மலிவு, உறுதி, தீப்பிடிக்காது என்று பெருமை வேறு. இன்று அவற்றைப் பெயர்க்க முகக்கவசமும் தனி உரிமமும் உள்ள ஆட்கள் வர வேண்டியிருக்கிறது. பதித்த செலவைவிடப் பெயர்க்கும் செலவு பெரிதாகிவிட்டது. இன்றைய வினைலில் அஸ்பெஸ்டாஸ் இல்லை. ஆனால் அதை மென்மையாக்கச் சேர்க்கும் ஃப்தாலேட்டுகளில் நான்கை, 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலையில் கட்டுப்படுத்தியது. ஜெர்மனியில் பழைய வினைல் தரையை மறுசுழற்சி செய்வதற்கென்றே 1990-இல் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். பொருளை விற்ற நாடு, அது திரும்பி வரும் வழியையும் யோசித்தது. நாம் பொருளை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டம் கல் மாவட்டம். பர்கூர், கிருஷ்ணகிரி, ஓசூர்ச் சாலைகளில் போனால் கிரானைட் அறுக்கும் பட்டறைகளைத் தாண்டாமல் போக முடியாது. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரடைசோ கல் கப்பலேறி வெளிநாட்டுச் சமையலறைகளில் மேடையாகக் கிடக்கிறது. மல்லச்சந்திரம் மலையில் பெருங்கற்கால மக்கள் கல் பலகைகளை நிறுத்தி எழுப்பிய கல்திட்டைகள் இன்னும் நிற்கின்றன. இங்கே வீடு கட்டுபவர் அந்தக் கல்லை விட்டுவிட்டு, மரத்தின் படம் அச்சிட்ட பிளாஸ்டிக்கைத் தேடிப் போவது எனக்கு வலிக்கிறது. குவாரிகள் மலையைத் தின்கின்றன என்ற எதிர்ப்பு நியாயமானதுதான். நான் சொல்வது பட்டறைகளின் ஓரம் மலைபோலக் குவிந்திருக்கும் கட்டிங் பீஸ்களை. அறுத்து ஒதுக்கிய துண்டுகள் அவை. ஒன்றுக்கொன்று நிறம் மாறினாலும், கை தேர்ந்த மேஸ்திரி அதையே அழகாகச் சேர்த்துவிடுவார். பாலிஷ் கல் வழுக்கும் என்ற பயம் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் உண்மையான பயம். லேத்தர் ஃபினிஷோ பளபளப்பில்லாத மட் ஃபினிஷோ கேட்டால் அது பெருமளவு தீரும். போர் தண்ணீரின் உப்புப் படிந்து வெளுத்தாலும் மறுபடி பாலிஷ் போடலாம். வீட்டையே இடித்தாலும் கல் கல்லாகவே கிடக்கும். இன்னொரு வீட்டுக்குத் திண்ணையாகும், தோட்டத்துக்கு வரப்பாகும்.

பட்ஜெட்டோ மனசோ வினைல்தான் என்று முடிவாகிவிட்டதா? சரி, கம் போட்டு ஒட்டும் வகையைத் தவிருங்கள். ஒன்றோடொன்று மாட்டும் க்ளிக் லாக் வகையை எடுங்கள். அதைச் சேதமில்லாமல் கழற்றி இன்னொரு அறையில், இன்னொரு வீட்டில் மாட்டலாம். சுவர் ஓரம் சுற்றிலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங்கால் மறைக்கச் சொல்லுங்கள். மேற்கு ஜன்னல் வெயிலுக்குத் தரை விரியும்போது சுவரில் முட்டாது. ஃப்தாலேட் இல்லாதது என்று வாயால் சொன்னால் போதாது, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய பலகையைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்றும் கேளுங்கள். கேட்டதுமே சிரிப்பார்கள், பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மேலே கேட்பார். வேலை முடிந்ததும் மிச்சமாகும் இரண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் பரண்மேல் போட்டு வையுங்கள். எட்டு வருடம் கழித்து பீரோவை நகர்த்தும்போது கிழியும் ஒரு பலகைக்கு அதே டிசைன் எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த இரண்டு பெட்டி இல்லாததால்தான் ஒரு பலகைக்காக முழுத் தரையும் பெயர்ந்து குப்பைமேட்டுக்குப் போகிறது.