தொகுப்பியின் பரீட்சை: புதிய இயங்குதளத்தில் பெறும் முடிவுகளை ஆராயும் முறை

மின்கணிப்பொறி நேரடியாக அறியும் மொழி 0, 1 என்னும் இரு குறிகளால் ஆனது. விஞ்ஞானிகள் தம் கணக்குகளை அம்மொழியில் எழுதுவதில்லை. ஃபோர்ட்ரான், சி முதலிய மொழிகளிலேயே எழுதுகின்றனர். அவற்றை யந்திர மொழிக்கு மாற்றித் தரும் சாதனம் கம்பைலர் எனப்படும். தமிழில் இதனைத் தொகுப்பி என்பர். ஜான் பாக்கஸ் என்பாரின் தலைமையில் உருவான ஃபோர்ட்ரான் தொகுப்பி 1957-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 704 கணிப்பொறிக்காக வெளிவந்தது. அன்று முதல் கணிதத்திற்கும் யந்திரத்திற்கும் இடையே தொகுப்பி நின்று வருகிறது. தொகுப்பி பிழை செய்யுமாயின், நிரலை எழுதியவர் எத்துணைக் கவனமுடையவராயினும் விடை தவறாகவே அமையும். அத்தவற்றை அவருடைய எழுத்தில் எவ்வளவு தேடினும் காண இயலாது.

தீவுகளுக்கு இதனால் ஆவதென்ன?

2004 டிசம்பர் 26 அன்று காலை, சுமத்ராவுக்கு அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளைப் பெரிதும் அழித்தது. அதன் பின்னர், 2007 அக்டோபரில், ஹைதராபாதிலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் முன்னெச்சரிக்கை அமைப்பு செயற்படத் தொடங்கியது. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் இத்தகைய அலை மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஆதலின் அலை எங்கு, எப்போது, எவ்வளவு உயரத்துடன் சேரும் என்பதை யந்திரக் கணக்கீட்டின் துணையாலேயே விரைந்து அறிய முடியும்.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரின் மரைன் ஹில் போன்ற பகுதிகளில் வாழ்வோர் எச்சரிக்கையில் காணும் எண்கள் யாவும் ஏதோ ஒரு தொகுப்பியின் வழியே வந்தவையே. இத்துறை நிரல்கள் நீண்ட ஆயுள் உடையவை. அவற்றைத் தாங்கும் கணிப்பொறிகளும் இயங்குதளங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றதொரு தளத்திற்கு ஓர் அலுவலகம் மாறுகிறது எனில், தொகுப்பியும் அங்கே புதிதாகப் பரீட்சிக்கப்பட வேண்டும்.

சோதனைத் தொகுதி என்பது யாது?

விடை முன்னரே தெரிந்த ஆயிரக்கணக்கான சிறு நிரல்களின் திரட்டே சோதனைத் தொகுதி. ஒவ்வொன்றும் மொழியின் ஒரு விதியைச் சோதிக்கிறது. 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி தொகுப்பியின் சோதனைகளுள் ஒரு பகுதிக்குச் 'சித்திரவதைச் சோதனைகள்' என்றே பெயர். ஒரே நிரலைப் பல்வேறு செம்மையாக்க நிலைகளில் மீண்டும் மீண்டும் தொகுத்து, விடை மாறுகிறதா என்று அவை பார்க்கின்றன.

முடிவுகள் வெற்றி, தோல்வி என்ற இரண்டோடு நிற்பதில்லை. முன்னரே அறிந்த குறையால் வருவது 'எதிர்பார்த்த தோல்வி'. குறை இருந்தும் தேறிவிடுவது 'எதிர்பாராத வெற்றி'. இடையில் தடைப்பட்டுத் தீர்ப்புக் கூற முடியாமற் போவது 'முடிவு காணாதது'. அத்தளத்திற்கே ஒவ்வாதது 'ஆதரிக்கப்படாதது'. இவ்வகைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பவர் உண்மையை அறிய மாட்டார்.

ஒப்பீடே அடிப்படை

புதிய தளத்தில் 40 தோல்விகள் கண்டன என்று வைத்துக்கொள்வோம். இது நல்லதா, தீயதா? அந்த எண்ணை மட்டும் கொண்டு ஏதும் கூற இயலாது. அதே தொகுப்பியை, அதே சோதனைத் தொகுதியுடன் பழைய தளத்தில் ஓட்டிப் பெற்ற முடிவு கையில் இருத்தல் வேண்டும். அங்கும் 40 தோல்விகளே என்றாலும் மனநிறைவு கொள்ளலாகாது. அவற்றுள் 35 மட்டும் பொதுவானவை எனில், பழைய குறைகள் 5 மறைந்து, புதிய குறைகள் 5 தோன்றியுள்ளன. கூட்டுத்தொகை அவற்றை மறைத்துவிட்டது. எனவே பெயருக்குப் பெயர் ஒப்பிடுதலே முறை. இதற்கென ஒரு சிறு நிரல் ஜிசிசியுடனேயே வழங்கப்படுகிறது.

முடிவுச் சுருக்கங்கள் வெறும் எழுத்துக் கோப்புகளாதலின் அவற்றை அனுப்புவது எளிது. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் கடலடிக் கம்பிவடம், மரைன் ஹில்லில் பணிபுரியும் ஒருவர் சென்னையில் எடுத்த முடிவுகளோடு தம் முடிவுகளை அன்றே ஒப்பிட வகை செய்கிறது.

புதிய தோல்விகளின் காரணங்கள்

புதிதாகத் தோன்றிய தோல்விகள் அனைத்தும் தொகுப்பியின் குற்றமல்ல. லினக்ஸில் ஒரு வரி ஒற்றைக் குறியுடன் முடியும். விண்டோஸில் இரு குறிகளுடன் முடியும். விடை சரியாக இருந்தும், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனை இதனால் தோற்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கோப்புப் பெயரில் ஒரு தளம் காணும், மற்றொன்று காணாது. கணித நூலகங்கள் வேறுபடுவதால் சைன் போன்ற சார்புகளின் கடைசி இலக்கம் மாறலாம். யந்திரம் மெதுவாக இருப்பின், குறித்த நேரத்திற்குள் முடியாத சோதனையும் தோல்வியாகவே பதியப்பெறும்.

தொகுப்பி குற்றமற்றதாயினும் பயனாளருக்கு ஆபத்தை உணர்த்தும் தோல்விகளும் உள. சி மொழியின் 'லாங்' என்னும் முழு எண் வகை 64-பிட் லினக்ஸில் 8 பைட்டுகள் கொண்டது. 64-பிட் விண்டோஸில் 4 பைட்டுகளே கொண்டது. மொழியின் விதிகள் இரண்டையும் அனுமதிக்கின்றன. 4 பைட்டுகளில் அடங்கும் பேரெண் 2,14,74,83,647. கடல்மட்ட அளவுமானியின் பதிவுகளைத் திரட்டும் ஒரு நிரல் காலத்தை மில்லிசெகண்டுகளில் இவ்வகை எண்ணில் எண்ணுமாயின், பழைய தளத்தில் பல்லாண்டுகள் பழுதின்றி இயங்கும். புதிய தளத்திலோ 25 நாட்கள் நிறைவதற்குள் எண்ணிக்கை எல்லை மீறும். முதல் வாரம் முழுவதும் சரியாக இயங்குவதால் எவரும் ஐயுறார். 'லாங்' எண்ணின் அளவைப் பற்றிய சோதனை தோற்றதைக் கவனித்தவரே இதனை முன்னறிவார்.

பிரித்தறியும் வழி

முதலில் தோற்ற சோதனையைத் தனியே மும்முறை ஓட்டுக. ஒருமுறை தேறி ஒருமுறை தோற்குமாயின், கால வரம்பையோ நினைவகத்தையோ ஐயுறலாம். அடுத்து, செம்மையாக்கம் இன்றியும், செம்மையாக்கத்துடனும் தொகுத்துப் பார்க்க. எல்லா நிலைகளிலும் தோற்பின், நூலகம் அல்லது தளத்தின் வேறுபாடு காரணமாக இருத்தல் கூடும். உயர்ந்த செம்மையாக்கத்தில் மட்டும் தோற்பின், ஐயம் தொகுப்பியின் மீதோ, மொழி வரையறுக்காத ஒன்றை நம்பி எழுதப்பட்ட நிரலின் மீதோ விழும். பின்னர் நிரலைப் படிப்படியாகக் குறுக்கி, பிழையைக் காட்டும் மிகச் சில வரிகளை மட்டும் நிறுத்துக. அச்சில வரிகளே தொகுப்பியைப் பேணுவோர்க்கு அனுப்பத்தக்க சான்று.

பொய்யான வெற்றி

தோல்வியைக் காட்டிலும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. தோல்விகள் குறைந்தன என்று மகிழ்வதற்கு முன், ஓடிய சோதனைகளின் மொத்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஒரு துணைக்கருவி நிறுவப்படாமையால் ஒரு பிரிவு முழுவதுமே ஓடாது நின்றிருக்கலாம். ஓடாத சோதனை தோற்பதுமில்லை. அவ்வாறே, காரணம் ஆராயாமல் ஒரு தோல்வியை 'எதிர்பார்த்தது' எனக் குறித்து அறிக்கையைத் தூய்மையாக்குதலும் தீங்காகும். அடுத்து வருபவர் அதனைத் தீர்ந்த விஷயமாகவே கருதுவார்.

எனவே ஒவ்வொரு பரீட்சையின் முடிவிலும் தொகுப்பி, சோதனைத் தொகுதி, இயங்குதளம், நூலகங்கள் ஆகியவற்றின் பதிப்பு எண்களையும், ஓடியவை எத்தனை, ஓடாதவை எத்தனை என்பதையும், காரணம் காணப்படாத தோல்விகளின் பெயர்களையும் எழுதி வைத்தல் இன்றியமையாதது. அப்பட்டியல் தொகுப்பியை நிறுவியவரின் மேசையில் தங்கிவிடாது, அதனைக் கொண்டு கணக்கிடும் விஞ்ஞானியின் கைக்குச் சேர வேண்டும். அலையின் வருகை நேரத்தைக் கணிக்கும் நிரலில் எந்தக் கூற்றை மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்பதை அவரே நன்கு அறிவார்.