கை போன பிறகு கேட்க வேண்டிய கேள்வி

மரவேலைப் பட்டறைகளில் விபத்து நடந்தால் நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் மூன்று. "பொடியன் கவனமில்லாமல் இருந்துவிட்டான்" என்பது ஒன்று. "கண்ணூறு பட்டுவிட்டது" என்பது இன்னொன்று. "நஸீபில் இருந்தது நடந்தது" என்பது மூன்றாவது. மூன்றுமே பேச்சை அத்தோடு முடித்துவிடுகின்றன. இயந்திரத்தில் என்ன குறை இருந்தது என்று எவரும் கேட்பதில்லை. அடுத்த வாரம் அதே மேசையில், அதே வாளின் முன்னால் வேறொரு பொடியன் நிற்கிறான்.

கொழும்பு பழைய சோனகத் தெருவில் முப்பது வருடங்களுக்குக் கிட்டிய காலமாக மின் உபகரணங்களும் அவற்றின் உதிரிப்பாகங்களும் விற்று வருகிறேன். மொரட்டுவைத் தளபாடப் பட்டறைக்காரர்கள், மரக்காலை வைத்திருப்பவர்கள், வீடு வீடாகச் சென்று கதவு, ஜன்னல் பொருத்தும் பாஸ்மார் எனப் பலரும் வருவார்கள். உதிரிப்பாகம் விற்பவனுக்கு விபத்துச் செய்திகள் தானாகவே வந்து சேரும். உடைந்த பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதை சொல்வார்கள். அவற்றை ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன். என்ன இயந்திரம், என்ன வெட்டினார்கள், இயந்திரத்தில் எது கழற்றப்பட்டிருந்தது என்ற அளவில் இரண்டு, மூன்று வரிகள். அந்தக் கொப்பியைப் புரட்டினால் ஆட்கள் வேறு, ஊர்கள் வேறு. ஆனால் விபத்துக்கள் என்னவோ நாலைந்து வகைதான். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடப்பதை வெறும் கவனயீனம் என்று எப்படிச் சொல்வது?

கிரைண்டரில் மர வாள்

கொப்பியில் அதிகம் இருப்பது இதுதான். 4 அங்குலக் கைக்கிரைண்டர் இரும்பு தேய்க்கவும் கல், ஓடு வெட்டவும் செய்யப்பட்டது. நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். அதில் பல் வைத்த மர வாளைப் பூட்டிப் பலகை வெட்டுகிறார்கள். மரத்தை வெட்டுவதற்கென்றே வரும் 7 அங்குலக் கைவாள் இயந்திரம் ஏறத்தாழ 5,000 சுற்றுத்தான் ஓடும். அதற்கு அகலமான அடித்தகடு உண்டு. பலகையில் படிந்து நிற்கும். வெட்டி முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும் காப்பு மூடியும் உண்டு. கிரைண்டருக்கு இவை எதுவும் இல்லை. பல் மரத்தில் கொளுவியதும் இயந்திரம் துள்ளும். துள்ளும் திசையில் பிடித்திருப்பவரின் தொடை, வயிறு அல்லது மற்றக் கை இருக்கும்.

இதிலும் மோசமானது, 4 அங்குலக் கிரைண்டரின் மூடியைக் கழற்றிவிட்டு 7 அங்குலத் தட்டைப் பூட்டுவது. வெட்டும் தட்டின் மேல் அது தாங்கும் ஆகக் கூடிய சுற்று அச்சிடப்பட்டிருக்கும். இரும்பு வெட்டும் 7 அங்குலத் தட்டுக்கு அது பொதுவாக 8,500 அளவில் இருக்கும். அதை 11,000 இல் ஓட்டினால் தட்டு சிதறிப் பறக்க இடமுண்டு. அச்சிட்ட இலக்கத்தை வாசிக்க ஒரு நிமிடம் கூடத் தேவையில்லை.

பலகை பின்னால் அடிப்பது

மேசை வாளில் நடக்கும் விபத்துக்களில் பெரும் பங்கு இந்த வகைதான். வட்ட வாளின் முன்பக்கப் பற்கள் பலகையைக் கீழ்நோக்கி மேசையோடு அழுத்தும். பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழும்பி வரும். ஈரம் காயாத மரம், உள் இறுக்கமுள்ள மரம் ஆகியவற்றை வெட்டும்போது வெட்டு வாய் மூடி வாளைக் கவ்விக்கொள்ளும். அப்போது பின்பக்கப் பற்கள் பலகையைத் தூக்கி, நிற்பவரை நோக்கி வீசும். பலகை போகும் வேகத்தில் அதைப் பிடித்திருந்த கை வாளின் மேல் இழுபட்டுப் போகும்.

10 அங்குல வாள் நிமிடத்துக்கு 4,000 தடவை சுற்றினால் அதன் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீற்றர். நாம் ஒன்றைக் கண்டு கையை இழுக்க ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்காவது எடுக்கும். அதற்குள் வாள் பதின்மூன்று தடவை சுற்றிவிடும். ஆகவே "கவனமாக இருந்தால் கையை எடுத்துவிடலாம்" என்பது நடக்காத காரியம்.

இதற்குப் பரிகாரம் வாளுக்குப் பின்னால் நிற்கும் ஓர் இரும்புத் தகடு. வாளின் உடலை விடச் சற்றுத் தடிப்பாகவும் பற்கள் வெட்டும் அகலத்தை விட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். அது வெட்டு வாயை மூடவிடாது. கம்பனி இயந்திரங்களில் இது பெட்டியிலேயே வரும். எமது பட்டறைகளில் மோட்டரும் பெல்ட்டும் வைத்துத் தாமாகவே செய்துகொள்ளும் மேசைகளில் அநேகமாக இருக்காது. மேலே ஒரு மூடி, சிறு துண்டுகளைத் தள்ளுவதற்கு ஒரு மரக்கட்டை, வாளுக்கு நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும் பழக்கம் ஆகியவையும் சேர்ந்தால் பாதி ஆபத்துக் குறைந்துவிடும்.

கரண்ட் வந்தபோது

2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். அந்த நாட்களில் ஒரு தளபாடப் பட்டறையில் வாள் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பொடியன் சுவிட்சை நிறுத்தாமல், சிக்கியிருந்த துண்டை எடுக்கக் கை வைத்தான். கரண்ட் வந்தது. இரண்டு விரல்கள் போயின. அவன் கவனயீனன் அல்லன். நின்றுபோன இயந்திரத்தில்தான் கை வைத்தான்.

சாதாரண சுவிட்ச் போட்ட நிலையிலேயே இருக்கும். கரண்ட் வந்தால் வாளும் சுற்றும். மெக்னெட்டிக் ஸ்டார்ட்டர் பூட்டியிருந்தால் கரண்ட் போனதும் அது விடுபட்டுவிடும். மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் இயந்திரம் ஓடும். சிக்கிய துண்டை எடுக்கு முன் பிளக்கைக் கழற்றுவதும் இயந்திரம் உள்ள ஒவ்வோர் இடத்திலும் சட்டமாக இருக்க வேண்டும்.

கையுறை பற்றியும் ஒரு வார்த்தை. பாதுகாப்பென்று நினைத்துச் சுற்றும் வாளின் முன் கையுறை போடுகிறார்கள். நூலின் ஓர் இழை பல்லில் கொளுவினால் கை முழுவதும் போகும். தொங்கும் சட்டைக் கைக்கும் சாரனுக்கும் இதே கதிதான். போட வேண்டியவை கண்ணாடியும் காதடைப்பும் தூசுக் கவசமும்.

முன்னேறிய நாடுகளில் இப்படி இல்லை என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் 30,000 பேர் மேசை வாளில் கை பட்டு அவசர சிகிச்சைக்குப் போவதாக அந்நாட்டு அரச மதிப்பீடு கூறுகிறது. ஸ்டீபன் காஸ் என்பவர் 1999 இல், விரல் பட்ட கணத்தில் வாளை நிறுத்தும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். பெரிய கம்பனிகள் எடுத்துக்கொள்ளாததால் தாமே கம்பனி தொடங்கி 2004 இல் அந்த வாளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதன் விலை எமது சிறு பட்டறைகளுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பின்னால் நிற்கும் தகடு கட்டுப்படியாகும்.

கணக்குப் பார்ப்போம்

மூடியும் தகடும் ஏன் கழற்றப்படுகின்றன? வேலை சுணங்குகிறது என்பதால். ஓடரை அவசரப்படுத்துவது முதலாளி. மூடியை ஓரமாக வைப்பது பொடியன். ஆகவே இது முதலாளியின் கணக்கில் எழுத வேண்டிய விடயம்.

தகடு செய்து பூட்ட ஒரு வெல்டிங்காரருக்கு அரை நாள் வேலை. கை வெட்டுப்பட்ட பாஸ் மாதக் கணக்கில் வேலைக்கு வரமாட்டார். ஓடர் பிந்தும். வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 முதல் இந்நாட்டில் உள்ளது. நாட்கூலி என்று சொல்லித் தப்ப முடியாது. எமது தொழிலுக்காக வேலை செய்பவன் காயப்பட்டால் பொறுப்பு எம்முடையது. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு இருக்க வேண்டும் என்கிறது. விபத்தினால் ஒருவர் மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாது போனால் அறிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வேலையாளர் நட்டஈட்டுக் காப்புறுதி எடுக்கலாம். எடுப்பது நல்லது. ஆனால் காப்புறுதி பணம் தரும், விரல் தராது. கைத்தொழில் தெரிந்த இருபது வயதுப் பிள்ளைக்கு விரல்தான் முதல்.

விற்கும் எமக்கும் இதில் பங்குண்டு. எமது கடையில் கிரைண்டருக்கான பல் வைத்த மர வாள் விற்பதில்லை. "நானா, நீங்க தராட்டி நாலு கடை தள்ளி வாங்குவேன்" என்று ஒரு பாஸ் சொன்னார். வாங்கியும் இருப்பார். அந்த வியாபாரம் எனக்கு வேண்டாம். கிரைண்டர் விற்கும்போது மூடியைப் பெட்டியில் போட்டுக் கொடுக்காமல் பூட்டியே கொடுக்கிறோம். பெட்டியில் போனால் அது பெட்டியிலேயே இருந்துவிடும். எமது தெருவில் எல்லாக் கடைகளும் இவ்வளவைச் செய்தால் வாங்குபவருக்கு நாலு கடை தள்ளிப் போக வழியிருக்காது.

விபத்து நடந்துவிட்டால்

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் தசை பழுதாகிவிடும். சத்திரசிகிச்சை வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு விரலையும் நோயாளியையும் ஒன்றாகக் கொண்டு செல்லுங்கள். வாளில் துண்டானது சில வேளை பொருந்தும். பிளேனரில் போனது அநேகமாகப் பொருந்தாது.

இதற்கு முன்னால் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. பட்டறையில் ஒரு கொப்பி வையுங்கள். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது, "இந்த வாரம் எதில் கை தப்பியது?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். சொன்னவனை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த வாரம் எவனும் சொல்ல மாட்டான். சொன்னதை எழுதி, திங்கட்கிழமை வாள் ஓடுவதற்கு முன் அந்தக் குறையைச் சரிசெய்யுங்கள். கை தப்பிய கதையும் கை போன கதையும் ஒன்றுதான். முதலாவதில் பாடம் இலவசமாகக் கிடைக்கிறது.