வீசமும் விசுவாசமும்

பெங்களூர் ஒக்கலிபுரத்து வீடொன்றில், விளக்கடியில் கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்து, அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாய்க் குறையும் பின்னங்களைக் கூட்டிக்கொண்டே போகும் கிறிஸ்தவ மாணவன், அத்தொகை ஒன்றை மேன்மேலும் நெருங்குமேயன்றி எந்தப் படியிலும் அதை எட்டிவிடாது என்று காணும்போது, தெய்வ பூரணத்தை நோக்கிய மானிடப் பிரயத்தனத்தின் பிரதிபிம்பத்தையே அங்கே தரிசிக்கிறான் எனலாம்.

இவ்வாறே, தன்னை நீக்கிய தன் வகுஎண்களான 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகவே அமைந்த 6 என்னும் பூரண எண்ணை, சிருஷ்டியின் ஆறு நாட்களோடு பொருத்திப் புனித அகஸ்டின் அன்றே சிந்தித்தார்.

கணிதத்தையும் விசுவாசத்தையும் இணைத்த இன்னொருவரும் உண்டு: 1937-இல் பாரத தேசம் வந்த பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு சார்லஸ் ரசீன், சென்னை லயோலாக் கல்லூரியில் நவீன கணிதத்தைப் போதித்து, எம். எஸ். நரசிம்மன், சி. எஸ். சேஷாத்ரி போன்ற மேதைகளை ஆராய்ச்சி வழியில் செலுத்தினார். அவ்விருவரும் 1965-இல் வெளியிட்ட தேற்றம் உலகப் பிரசித்தி பெற்றது. நரசிம்மன் தம் இறுதி நாட்களைக் கழித்ததும் இந்தப் பெங்களூரிலேதான்.

துறவும் கணிதமும் ஒருவரிடத்திலேயே குடிகொள்ளக் கூடுமென்பதற்கு ரசீன் அடிகளின் வாழ்வே சாட்சி. சத்தியத்தைச் சிரத்தையோடு தேடுவதும் ஓர் ஆராதனையே அன்றோ!