மதுக்கடை மேசையிலிருந்து வாயனசாலைக்கு

வினாடி வினா என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவு வருவது பள்ளி மேடைதான். மேடையில் எட்டுப் பேர் விளையாடுவார்கள். கீழே இருநூறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இதற்கு நேர்மாறான ஒரு முறை இங்கிலாந்தின் மதுக்கடைகளில் வளர்ந்தது. கள்ளுக்கடைச் சமாசாரம் சங்க மலரில் எதற்கு என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கடையை விட்டுவிட்டு விளையாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

'பப்' எனப்படும் அந்தக் கடைகளில் கூட்டம் குறைந்த நாட்களில் ஆட்களை வரவழைக்க, 1970களில் பர்ன்ஸ் அண்ட் போர்ட்டர் என்ற நிறுவனம் போட்டிகளை நடத்தத் தொடங்கியது. வழக்கம் நாடெங்கும் பரவியது. அமெரிக்காவில் என்.டி.என். என்ற நிறுவனம் தொலைக்காட்சித் திரையில் கேள்வியைக் காட்டி, கையிலுள்ள சிறு கருவியில் விடையை அழுத்த வைத்தது. நமக்குக் கருவி தேவையில்லை. தாளும் பென்சிலும் போதும்.

முறை எளிது. மேசைக்கு நான்கிலிருந்து ஆறு பேர். ஒருவர் கேள்வியை இரண்டு முறை வாசிப்பார். மேசைக்காரர்கள் குசுகுசுவென்று பேசி விடையை எழுதுவார்கள். பத்துக் கேள்வி முடிந்ததும் தாளைப் பக்கத்து மேசைக்கு மாற்றித் திருத்த வேண்டும். இப்படி நான்கு சுற்றுகள். வந்தவர் எல்லாரும் விளையாடுகிறார்கள், தெரியாதவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. இந்த இரண்டில்தான் அதன் வெற்றி இருக்கிறது.

இதை நான் பாறசாலையிலிருந்து எழுதுகிறேன். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைச் சந்தைக்குப் போய்வரும் தூரம்தான். ஆனால் இப்பக்கத்துப் பிள்ளைகளில் பலர் படிப்பது மலையாளம். என் பக்கத்து வீட்டுப் பாட்டி தமிழ் மட்டும் வாசிப்பார். பேத்தி மலையாளம் மட்டும் வாசிப்பாள். இருவரும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம் வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பதைத் தவிர வேறில்லை.

கேரளத்தில் இடத்துக்குக் குறைவில்லை. பி.என்.பணிக்கர் 1945-இல் தொடங்கி வைத்த கிரந்தசாலைச் சங்கத்தால் ஊருக்கு ஊர் வாயனசாலை வளர்ந்தது. அவர் மறைந்த ஜூன் 19 வாசிப்பு நாள். அன்று நடக்கும் வினாடி வினாக்களில் பாதி, வேலைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த ஆண்டுகளாகவே இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எங்கள் ஊர் வாயனசாலையில் நாங்கள் ஒரு விதி வைத்தோம். ஒவ்வொரு மேசையிலும் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரும், பள்ளியில் படிக்கும் ஒருவரும் கட்டாயம். கேள்வி இரு மொழியிலும் வாசிக்கப்படும். அருவிப்புறத்தில் ஸ்ரீநாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்த ஆண்டு எது என்றால் பிள்ளைகள் 1888 என்று பாய்வார்கள். தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர் எங்கே பிறந்தார் என்றால் தாத்தாக்கள் விழிக்க, பிள்ளைகளும் விழிப்பார்கள். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை பிறந்தது ஆலப்புழை! திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண்மணி யார்? எங்கள் பாறசாலைப் பொன்னம்மாள்தான், 2006-இல். இதற்கு மட்டும் எல்லா மேசையும் சரியாக எழுதிவிட்டது.

ஆள் சேர்க்கும் வித்தையும் மதுக்கடையில் கற்றதுதான். நாள் மாறக் கூடாது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்றால் மழையானாலும் அதுவே. மதிப்பெண் பட்டியலைத் தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டினால், தோற்ற மேசை அடுத்த மாதம் தானே வரும். பரிசு பெரிதாக இருந்தால் சண்டை வரும். ஒரு குலை ஏத்தன் பழம் போதும். கைப்பேசிகளை ஒரு கூடையில் போட்டுவிடச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்ச் சங்கத்தில் நடத்த விரும்பினால், நாங்கள் இதுவரை வாசித்த கேள்வித்தாள்களைப் படியெடுத்து அனுப்புகிறோம். உள்ளூர்ச் சுற்றை மட்டும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.